ஆரோக்கியசாமி பெயரைப் போட்டு எழுதிய கடிதம்

1

"…அதைத்தான் மிஸ்டர் டான் அன்னைக்கே எங்கிட்ட காட்டிட்டாரேண்ணே, உங்க கையெழுத்தோட. அது கிடக்குது, விடுங்க. அந்த எக்சர்சைஸ் இன்னும் நடக்குதா, அதைச் சொல்லுங்க."

சொன்னவர் ஆரோக்கியசாமி. சிங்கப்பூரில், மிஸ்டர் டான் மேனேஜராக இருந்த ஒரு சலவை ஆலையில் என்னோடு ஏழு வருஷம் வேலை பார்த்தவர். இப்போது வேளாங்கண்ணியில், கடலுக்குப் போகிற வழியில், மெழுகுவத்தியும் மாலையும் தள்ளுவண்டியில் வைத்து விற்கிறார். போன மாதம் லீவில் ஊருக்குப் போனபோது அவரைத் தேடிப் போனேன். ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் போனேன். "ஆரோக்கியம், உன் வேலை போனதுக்குக் காரணம் நான் எழுதின லெட்டர்தான்." பதினாறு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவரோ, நாகப்பட்டினம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல மேலே உள்ளபடி சொன்னார்.

அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். நேரில் "நீ" என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் "அவர்" என்று வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முகம் மறந்துபோகும், ஆள் சொன்ன பேச்சு மறக்காது. படிப்பு பத்தாவதோடு நின்றவனுக்கு அதுதான் புத்தகம். இந்தக் குறிப்பும் சிலபேர் சொன்ன பேச்சுகளால் ஆனதுதான். ஒரு பேச்சை மட்டும் அந்தக் காலத்திலேயே காதில் வாங்கியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

2

ஆரம்பித்து வைத்தது என் மகள். கவிதா மூன்று வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து இங்கே சிங்கப்பூரில் வந்து இறங்கியவள். இப்போது ஒரு பெரிய கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருக்கிறாள். சனிக்கிழமை மதியம் வருவாள், மீன் குழம்பு சாப்பிடுவாள், கையைக் கழுவியதும் போனை எடுப்பாள். தமிழில் ஆரம்பிப்பாள், பாதி வழியில் இங்கிலீஷுக்கு இறங்கிவிடுவாள். நான் தமிழிலேயே நின்றுகொண்டு கையை ஆட்டுவேன்.

அன்றைக்கு ஃபிரிட்ஜ் மேலே இருந்த கண்ணாடிக் கேடயத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எங்கள் ஆலையில் தொழிலாளர்களுக்கு வேலை நேரத்தில் உடற்பயிற்சி ஆரம்பித்த நாளை ஒவ்வொரு வருஷமும் கேக் வெட்டிக் கொண்டாடுவார்கள். இந்த வருஷம், இதைக் கொண்டுவந்தவன் என்று எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். என் பெயரில் ஒரு எழுத்து குறைகிறது. திருத்த வேண்டுமானால் ஒரு படிவம், அதற்கு மேலதிகாரி கையெழுத்து, அப்புறம் இன்னொரு படிவம். குறைந்த எழுத்தோடேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அப்பா, எங்க ஆபீஸ்லயும் இதைக் கொண்டு வரணும். மேலிடத்துல பேசுறதுக்கு ரெடி பண்றேன். நீங்க எப்படி மேனேஜ்மென்ட்ட ஒத்துக்க வச்சீங்க? மூணு பாயிண்ட் போதும்."

"நேரம் கம்மியாக் கேளு. மேனேஜரையே முன்னாடி வந்து நிக்கச் சொல்லு," என்றேன்.

"ரெண்டுதான் ஆச்சு."

"ரெண்டு போதும்."

"இல்லப்பா. ஒரு உண்மையான ஆளோட கதை வேணும். நம்பரக் காட்டினா பெரியவங்க தலையாட்டுவாங்க. கதையச் சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவாங்க."

"கதை சொல்லு. பேரைச் சொல்லாதே."

"பேர் இல்லாட்டி யார் நம்புவா? உங்க ப்ரோக்ராம்ல ஒரு மூவ்மென்ட்டுக்கு சாமின்னு பேராமே, அந்த சாமி யாரு? இப்ப எப்படி இருக்கார்? கடைசி ஸ்லைடுல அவரைப் போடலாம்."

தெரியாது என்றேன். அது பொய்யில்லை. எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாதுதான். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன். அந்த வாரமே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

3

எங்கள் ஆலைக்கு ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்பும் துண்டும் மலைமலையாக வரும். துவைத்த ஈர விரிப்புகளை இடுப்புயர டிராலியில் போட்டு இஸ்திரி மெஷினுக்குத் தள்ளிப் போக வேண்டும். அங்கே டிராலிக்குள் தலையை விட்டுக் குனிந்து, ஒவ்வொரு விரிப்பாக உருவி, மெஷினின் வாயில் கொடுக்க வேண்டும். "ஈரத்துணி தூங்குற புள்ள மாதிரிண்ணே, அதுவா ஒரு கையும் குடுக்காது" என்பார் ஆரோக்கியசாமி. பத்து மணி நேரம் அப்படி. முதுகு கெடாத ஆள் அங்கே கிடையாது. தங்குமிடத்தில் எந்த அறைக்குள் போனாலும் தைல வாசனைதான்.

ஆரோக்கியசாமியிடம் ஒரு சாமர்த்தியம் இருந்தது. ஒரு டிராலி காலியானதும் அதன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரு நிமிஷம் தொங்குவார். யாராவது பார்த்தால் சக்கரத்தைக் காலால் தட்டி, "சக்கரம் சிக்குதுண்ணே" என்பார். சிக்காத சக்கரம் அது. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியாது என்பதுபோல அவரும் சொல்வார்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். அம்மா நடவு நடும் கூலியாள். வரிசையில் குனிந்தால் வரப்பு வரும்வரைக்கும் நிமிரக் கூடாது. வரப்பில் குடையோடு நிற்கும் பண்ணைக் காரியக்காரர், "நிமிந்து நிமிந்து பாத்தா நாத்து தானா நட்டுக்குமா?" என்பார். அதனால் பெண்கள் கொண்டையை அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்ந்த கூந்தலை முடிய வேண்டுமென்றால் நிமிர்ந்துதானே ஆக வேண்டும்? அதை மட்டும் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொண்டை அவிழ்ந்தது என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணாமல் இருந்ததுதான் அவர்களுக்கு நல்லது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

நான் சூப்பர்வைசர் ஆனதும் மேனேஜர் டானிடம் போய், வேலை நேரத்தில் பத்து நிமிஷம் மெஷினை நிறுத்தி எல்லோரும் உடற்பயிற்சி செய்யட்டும் என்று கேட்டேன். டான் கெட்ட மனிதர் இல்லை. சீனப் புத்தாண்டுக்கு ஒவ்வொருத்தர் கையிலும் இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுப்பவர். சிரித்துக்கொண்டே கேட்டார். "நாள் பூரா அவங்க செய்றது எக்சர்சைஸ் இல்லாம வேற என்ன?"

சரி, வேலைக்கு முன்னால் நாமே செய்துகொள்ளலாம் என்று ஆட்களிடம் சொன்னேன். பங்களாதேஷ்காரர் ரஹீம் எங்கள் ஆலைக்கென்று இருந்த கலவை மொழியில் பதில் சொன்னார். "அண்ணா, பத்து நிமிஷம் எக்சர்சைஸ் பண்ணினா முதுகுக்கு நல்லது. பத்து நிமிஷம் கூடத் தூங்கினா முழு ஆளுக்கும் நல்லது." எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. கம்பெனி நேரத்தில் மெஷின் நின்றால்தான் இது நடக்கும். மெஷினை நிறுத்தும் வார்த்தை டான் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

4

அப்போதுதான் எனக்கு மனு எழுதத் தெரியும் என்ற நினைப்பு வந்தது.

ஊரில் இருந்தபோது எங்கள் தெருவுக்கு நான்தான் மனு எழுதுபவன். யாரும் சொல்லித் தரவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று, மற்றவர்கள் எழுதியதை எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தெருவிலிருந்து ரோட்டுக்குப் போக வாய்க்காலைத் தாண்ட வேண்டும். குறுக்கே கிடந்தது ஒரு பனைமரம். சிறுபாலம் வேண்டும் என்று, தாலுகா ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு தடவை மனு வாங்கும் ஜமாபந்தியில் மூன்று வருஷம் மனுக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வருஷம் நான் எழுதினேன். "பொதுமக்கள் சிரமப்படுகிறார்கள்" என்று எழுதவில்லை. "நடவுக்குப் போன அஞ்சலை என்பவர் மேற்படி பனைமரத்தில் வழுக்கி விழுந்து ஏழு மாதக் கருவை இழந்தார்" என்று எழுதினேன். தாசில்தார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். நிமிர்ந்து, "இதுல அஞ்சலை யாரும்மா?" என்றார். அஞ்சலை அக்கா எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த சாகுபடிக்கு முன்னால் பாலம் வந்துவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருத்தர் கஷ்டத்தை, பெயர் ஊரோடு முதல் வரியிலேயே வைத்துவிட வேண்டும், அதிகாரி மனசு இளகிவிடும். இதுதான் நான் கண்டுபிடித்த வித்தை.

பாலம் திறந்த அன்று அஞ்சலை அக்கா என்னிடம் ஒன்று சொன்னார். "பாலம் வந்துச்சு, நல்லதுதான் தம்பி. என் வயித்துக் கதைய ஊரு முன்னாடி வாசிக்க வச்சிட்டியே, அதுதான் ஆறல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

காதில் வாங்காமல் போனேன் என்று சொன்னேனே, அந்தப் பேச்சு இதுதான்.

கொஞ்ச நாளில் பஜாருக்குப் பஜார் மஞ்சள் போர்டோடு டெலிபோன் பூத் முளைத்தது, ஏஜெண்டுகள் முளைத்தார்கள், தெருவில் பாதிப்பேர் பாஸ்போர்ட் எடுத்தோம். அந்த மனு போட்டுத் தந்த பாலத்தின் வழியாகத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

5

டானுக்கு எழுதிய கடிதத்துக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதினேன். நடை முழுக்க ஜமாபந்தி நடை. தாழ்மையுடன் ஆரம்பித்து, கருணை கூர்ந்து என்று முடித்தேன். நடுவில் இப்படி: "மூன்றாம் எண் மெஷினில் ஏழு வருடமாக உழைக்கும் ஆரோக்கியசாமி என்பவர், வலி தாங்காமல், டிராலிச் சக்கரம் சிக்கியதுபோல் பாவனை செய்து, கம்பியைப் பிடித்துப் பின்னால் சாய்கிறார். ஒரு ஷிப்டில் முப்பது தடவைக்கு மேல் எண்ணினேன்."

எண்ணினேன். பக்கத்தில் நின்று, ஒரு அட்டையில் கோடு போட்டு எண்ணினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன்.

நாலாம் நாள் டான் கூப்பிட்டார். கடிதம் மேஜை மேல் இருந்தது. அந்த வரிகளுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"நல்ல லெட்டர். கீழே என்ன நடக்குதுன்னு இத்தனை தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்லை. பத்து நிமிஷம் போதுமா?"

"போதும் சார்."

"திங்கட்கிழமை ஆரம்பி. நானும் வர்றேன்." நான் கதவுக்குப் போனபிறகு இன்னொன்று கேட்டார். "இந்த ஆரோக்கியசாமி, மூணாம் நம்பர் மெஷின்தானே?"

"ஆமா சார்," என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை மெஷின்கள் நின்றன. அவ்வளவு பெரிய கூடத்தில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. டான் தோல் ஷூவோடு வந்து, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முதல் வரிசையில் நின்றார். அவர் கையைத் தூக்கியதும் ஐம்பது பேரும் தூக்கினார்கள். ரஹீமும்தான். மூன்றாவது பயிற்சிக்கு நான் ஆரோக்கியசாமியின் வேலையைத்தான் வைத்திருந்தேன். "டிராலியைப் பிடிங்க. சாமி செய்ற மாதிரி, பின்னால சாயுங்க. பத்து எண்ணுங்க," என்றேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே சாய்ந்தார்கள். அன்றிலிருந்து அதற்குச் சாமி என்றே பெயர். இப்போது பர்மாக்காரப் பெண்கள்கூட "சாமி, சாமி" என்று சொல்லிக்கொண்டுதான் கம்பியைப் பிடிக்கிறார்கள். யார் அந்தச் சாமி என்று யாருக்கும் தெரியாது.

அன்று ஆரோக்கியசாமி அங்கே இல்லை. காலையிலேயே கம்பெனி வேனில் டாக்டரிடம் அனுப்பியிருந்தார்கள். பரவாயில்லையே, உடனே கவனிக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

6

டாக்டர் எழுதிய தாளில் ஒரு வரிதான் முக்கியம். குனிந்து தூக்கும் வேலை கூடாது. சலவை ஆலையில் குனியாத வேலை மொத்தமே நாலு. நாலிலும் ஆள் இருந்தார்கள். வேலை பெர்மிட்டை ரத்து செய்ய ஆபீஸ் படிவத்தை எடுத்துவிட்டது. பெர்மிட் போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

டானிடம் ஓடினேன். "சார், அவர் பொண்ணு நர்சிங் படிக்குது. இன்னும் ஒரு வருஷம் மட்டும். அதுவரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

"இங்கேயே ஒரு நாள் விழுந்துட்டா யார் பொறுப்பு? நீ சொன்னதால தெரிஞ்சுது. சொன்னதுக்கு நன்றி." உண்மையிலேயே நன்றியோடுதான் சொன்னார். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "முப்பது தடவைன்னு இருக்கு. நான் எழுதலையே."

ஊரில் மனு என்றால் மனசை இளக்குவதற்கு எழுதுவது. இங்கே காகிதம் என்றால் சாட்சி. பத்து வருஷம் இங்கே இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

வேலையை விட்டுப் போகிறவர் ஒப்படைக்க வேண்டிய பொருள்களுக்கு ஒரு படிவம் உண்டு. சீருடை இரண்டு, ஷூ ஒரு ஜோடி, லாக்கர் சாவி ஒன்று. வாங்கிக்கொண்டேன் என்று சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். கீழே ஆரோக்கியசாமி போட்டார். என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போட்டார். எனக்கு அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை. டான் அவரிடமும் அந்தக் கடிதத்தைக் காட்டியிருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"டாக்டர் எழுதிட்டாரு ஆரோக்கியம், என்ன பண்றது," என்றேன். விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். போர்வை, பால் பவுடர், மகளுக்கு ஒரு கைக்கடிகாரம், இவ்வளவுதான் அவர் பெட்டி. அதை அவரைத் தூக்கவிடாமல் நானே தூக்கினேன். உள்ளே போகுமுன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, மூணாம் மெஷின் பக்கம் ஒரு ஃபேன் போடச் சொல்லுங்க, வர்ற புள்ளைங்களுக்கு ஆகும்," என்றார். கடிதம் எழுதியது நான்தான் என்று தெரிந்துகொண்டே அதைச் சொல்லியிருக்கிறார். ஃபேன் போடச் சொன்னேன். போட்டார்கள். அதற்குக் கடிதம் எழுதவில்லை, வாயால்தான் கேட்டேன்.

அதன்பிறகு அவர் இரண்டு தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

7

வேளாங்கண்ணியில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "சிங்கப்பூர்க்காரர் வண்டியா?" என்று கேட்டுக் கைகாட்டினார்கள். வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. தலை நரைத்திருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலில், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி லூர்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வாங்கண்ணே. உங்களப் பத்திப் பேசாத நாள் இல்ல. வண்டி தள்ளுறது நானு, பேசுறது இவரு," என்றார்.

"உனக்கு ஏன் பொறாமை? வேணும்னா நீ பேசு, நான் தள்ளுறேன்," என்றார் ஆரோக்கியசாமி.

"தள்ளினீங்க, பார்த்தேன். போன வருஷம் தள்ளிட்டு ஒரு வாரம் படுத்துக் கிடந்தீங்க."

டீ வந்தது. மகளைப் பற்றிக் கேட்டேன். லூர்துதான் சொன்னார். நர்சிங் மூன்றாம் வருஷத்தோடு நின்றுவிட்டது. நாகப்பட்டினத்தில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாளாம். "ஊசி போட வேண்டிய கை, மாத்திரை எடுத்துக் குடுக்குது. அதுவும் மருந்துதானேண்ணே," என்றார். என்னை ஆறுதல்படுத்தத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆறுதல் சொல்ல வேண்டிய ஆள் நான்.

லூர்து வாங்க வந்தவர்களைக் கவனிக்கப் போனதும் சொல்லிவிட்டேன். கடிதம் எழுதியது, கோடு போட்டு எண்ணியது, கேட்காமல் பெயர் போட்டது, போனை எடுக்காதது, எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குத்தான், முதலில் எழுதியிருக்கிறேனே, அந்தப் பதிலை அவர் சொன்னார். டான் காட்டிவிட்டார், அது கிடக்கிறது, அந்த எக்சர்சைஸ் இன்னும் நடக்குதா?

"நடக்குது," என்றேன். "தினமும். டான் ரிடையர் ஆயிட்டாரு, புது மேனேஜரும் வந்து நிக்கிறாரு. நீ சாய்வியே, அதுக்கு உன் பேருதான். சாமின்னு சொல்லித்தான் எல்லாரும் செய்றாங்க."

"எம்பேரா?"

"உன் பேருதான்."

வண்டித் தட்டில் இருந்த மெழுகுவத்திகளை நேராக அடுக்கி வைத்தார். "எத்தனை எண்ணுறாங்க?"

"பத்து."

"பத்தா," என்று சிரித்தார். ஸ்டூலில் கை ஊன்றி எழுந்தார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். வண்டியின் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். குதிகாலை ஊன்றி மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். தட்டில் இருந்த மெழுகுவத்திகள் ஒரு பக்கமாக உருண்டன. சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. லூர்து மாலையைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். ஆறோடு எண்ணிக்கை நின்றுபோனது. கை கம்பியை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார்.

மாலை வாங்க நின்ற ஒரு பெண், "என்னங்க ஐயா, முதுகு வலியா?" என்று கேட்டார்.

ஆரோக்கியசாமி கண்ணைத் திறந்து என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இல்லம்மா, சக்கரம் சிக்குது," என்று சொல்லி, காலால் சக்கரத்தைத் தட்டினார்.